இடது பக்கத்து ஸ்பீக்கர்

அவள் கைகள் அவசரப்படவில்லை. ஒயரின் தோலை உரித்து, உள்ளே இருந்த மயிரிழைக் கம்பிகளை முறுக்கி, சூடேறிய சால்டரிங் முனையை அவற்றின் மேல் வைத்து, மேல்பூச்சு பொசுங்கிப் புகையும்வரை பொறுத்திருந்தன. ஹெட்போன் ஒயரில் இந்தப் பூச்சுதான் ஆளை ஏமாற்றும். அதைச் சுட்டு எடுக்காமல் ஈயம் வைத்தால் ஒட்டியதுபோலத்தான் இருக்கும். காதில் மாட்டினால் சத்தம் வராது. பூச்சு போனதும் கைகள் ஈயத்தைத் தொட்டு வைத்தன. இடது பக்கத்துக்குப் புது ஸ்பீக்கர் ஏறியது. அந்த ஹெட்போனுக்கு அது மூன்றாவது இடது ஸ்பீக்கர்.

கடை, ஒரு பழைய கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே கிடைத்த முக்கோண இடம். உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஹெட்போன் வாங்கவும் ரிப்பேருக்கும் வருகிறவர்கள் எல்லாரும், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட, அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்குத்தான் அக்கா. அவனுடைய ஹெட்போன்தான் இப்போது மேஜைமேல் இருந்தது.

தம்பிக்குத் தகடு அழுத்தும் பட்டறையில் வேலை. அவன் நிற்கிற இடத்துக்கு இடது தோளை ஒட்டி மிஷின். காதில் பஞ்சு வைத்தால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது என்று வைக்கமாட்டான். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். அவரவர் வீட்டிலிருந்தபடி நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு. சுடுவதில் அவன் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து, எந்தத் தரையில் கால் வைத்து வருகிறான் என்பதை அவன்தான் முதலில் சொல்வான். "இடது கைப்பக்கம், படிக்குக் கீழ, ஒருத்தன்தான்" என்பான், அப்படியே இருக்கும். கூட்டாளிகள் அவனுக்குக் 'காது' என்று பேர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க யாரோடும் வாய் திறக்காத ஆள், அந்தப் பேர் காதில் விழுந்ததும் வாய் ஓயாமல் பேசுவான். அந்தக் குழு போனால் அவனுக்குப் பேச வேறு ஆளில்லை. அக்காவுக்கு அது தெரியும்.

"அக்கா, பாட்டுக்கும் கேமுக்கும் ஒண்ணாவே ஒரு ஹெட்போன் குடுங்க," என்று படியோரம் ஒருவன் குனிந்தான். "நல்லா அதிரணும். நெஞ்சு வரைக்கும் அதிரணும்."

"அப்ப நெஞ்சுல மாட்டிக்க. காதை எதுக்குத் தொந்தரவு பண்றே?"

அவன் சிரித்தான். "ஒயர் இல்லாதது இருக்கா?"

"பாட்டுக்குச் சரி. கேம்ல உன்னைச் சுட்டு நீ விழுந்தப்புறம்தான் வெடிச்சத்தம் வந்து சேரும். போனவனுக்குத் தகவல் எதுக்கு?" ஒன்றை எடுத்து அவன் தலையில் மாட்டினாள். "கழட்டாதே. முழுப் பாட்டு ஒண்ணு கேளு. போட்ட உடனே எல்லாம் சுகமாத்தான் இருக்கும். தாடை வலிக்குதா, கண்ணாடிக் கம்பிய அழுத்துதா, காது மடல் உள்ள போய் இடிக்குதா பாரு. அதுக்கப்புறம் சத்தத்தைப் பத்திப் பேசலாம்."

தம்பிக்கும் இப்படித்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவனுக்கு அகலமான மண்டை. காதும் கொஞ்சம் வெளியே நிற்கும். அதனால் ஹெட்போனின் வளைவை ஒரு அட்டைப்பெட்டிமேல் மாட்டி விரித்தே வைத்திருந்து பிடியைத் தளர்த்தினாள். வியர்க்கிற தோல் மெத்தையைக் கழற்றிவிட்டுத் துணி மெத்தை போட்டாள். தாடைக்குப் பின்னால் பள்ளம் விழுகிற இடத்தில் மெத்தைக்கு அடியில் ஒரு சுருள் பஞ்சு. சட்டைக் காலரில் உரசினாலும் காதுக்குள் கரகரக்காத மெல்லிய ஒயர். "தலைல இருக்கிறதே தெரியலக்கா," என்று அன்று அவன் சொன்னான். பிறகு ஒரு நாள், "இடது பக்கம் சத்தம் கம்மியா இருக்குக்கா," என்றான்.

மாற்றினாள். கொஞ்ச நாளில் மறுபடியும் கம்மி. மறுபடியும் மாற்றினாள். இந்தத் தடவை சத்தத்தை அடக்குகிற காகிதத்தையும் உரித்து எடுத்தாள். தன் தலையில் மாட்டிப் பார்த்தபோது இடது பக்கம்தான் அலறியது. அவன் தலைக்குப் போனால் கம்மி. அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாததல்ல. யோசிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் மூன்றாவது ஸ்பீக்கரோடு ஹெட்போனை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் ஆட உட்கார்ந்தான். அவள் அவனுக்கு இடப்பக்கம் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்தாள். இடது பக்கம் அத்தனை சத்தம் ஏற்றியிருந்ததால் உள்ளே பேசுவது வெளியே ஒழுகியது.

"காது, என்னடா, தூங்கிட்டியா?"

"இடது பக்கம் வந்து போட்டுட்டுப் போறான், இவன் வலது பக்கம் வேடிக்கை பாக்கிறான்."

"பேரை மாத்திடலாம்டா இவனுக்கு. மூக்குன்னு வை."

சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். பிறகு பேச்சு அடங்கியது. ஜல்லிக்கல்மேல் யாரோ நடக்கிற சத்தம் இடது பக்கத்திலிருந்து ஒழுகத் தொடங்கியது. முதலில் லேசாக, அப்புறம் தெளிவாக, அப்புறம் பக்கத்திலேயே. அவள் கை மடித்த சட்டைமேல் நின்றது. அவன் திரும்பவில்லை. திரையில் அவன் ஆள் குப்புற விழுந்தான்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, கடைக்கு ஒருத்தன் ஒரு பக்கம் கம்மின்னு வந்தா முதல்ல என்ன பண்ணச் சொல்வே?"

"ஒயரை ஆட்டிப் பார்ப்பேன்."

"அதுக்கும் முன்னாடி."

ஹெட்போனைத் திருப்பி மாட்டச் சொல்வாள். இடது பக்கம் வலது காதுக்கு வரும். குறை ஹெட்போனோடு சேர்ந்து இடம் மாறினால் அது ரிப்பேர். மாறாமல் அதே காதில் நின்றுவிட்டால் அவள் செய்வதற்கு எதுவுமில்லை. வருகிறவர்கள் ஒயரை நீட்டும் முன்பே அவள் சொல்கிற முதல் வார்த்தை அது. தம்பியிடம் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவன் திருப்பி மாட்டினான். வலது காதில் சத்தம் பாய்ந்ததும் கண்ணைச் சுருக்கினான்.

"இது கிழியுது," என்றான். "இடது அப்படியேதான் கிடக்கு."

"சளி கட்டியிருக்கும்டா."

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன்க்கா. நீ முதல் ஸ்பீக்கர் மாத்தினியே, அப்பவே. நரம்பாம். போனது வராதாம்." வலது காதைத் தொட்டான். "இதுவும் அதே வழிதான்னு சொன்னார். கொஞ்சம் மெதுவா வருதாம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ மாத்திக்கிட்டே இருந்தே. நீ மாத்துற வரைக்கும் தப்பு ஹெட்போன்மேலதானே இருந்துச்சு."

அவள் மடித்த சட்டையை உதறி, மறுபடியும் மடித்தாள். "பட்டறைய விட்டுடு."

"விட்டுட்டு?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "ரெண்டு பக்கத்தையும் ஒரே காதுக்குக் கொண்டாந்துட முடியுமா?"

"முடியும். பாட்டு முழுசாக் கேக்கும். இப்ப உனக்குப் பாதிதான் வருது. ஆனா கேம்ல எந்தப் பக்கம்னு தெரியாதுடா. எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வரும்."

"இப்ப மட்டும் தெரியுதா? அவனுங்க வேற ஆள் பார்த்துட்டானுங்க. ஒருத்தனோட மச்சானாம். நல்லாக் கேக்குமாம். நானும் கூட இருக்கலாம்னு சொல்லியிருக்கானுங்க."

"கூட இருந்து?"

"சும்மா இருக்கறது."

மறுநாள் கடையில் வேறு வேலை எதையும் தொடவில்லை. இடது ஒயரையும் வலது ஒயரையும் நேரடியாக முறுக்கிவிட்டால் எளிது. ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் பழுதாகும். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்து, அப்புறம் சேர்த்து, வலது ஸ்பீக்கருக்குக் கொடுத்தாள். சத்தம் தன்னால் கொஞ்சம் இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டாள். அவன் ஏற்றிக்கொள்வான், அதைத் தடுக்க வழியில்லை. இடது ஸ்பீக்கர் இனி வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டுத் தலையில் மாட்டிப் பார்த்தாள். வலது பக்கம் கனத்து, வளைவு சாய்ந்து வந்தது. இப்படியே மாட்டினால் அவனுக்குக் கழுத்து வலிக்கும். கழற்றிய ஸ்பீக்கரைத் திரும்பவும் அதன் குழியில் வைத்து, ஒயர் எதுவும் கொடுக்காமல், கனத்துக்காக மட்டும் பசை வைத்து ஒட்டினாள். மறுபடி மாட்டினாள். நேராக உட்கார்ந்தது. இடது மெத்தையின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலையும் விடாமல் தைத்து முடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் திரை முன்னால் இருந்தான். ஆட்டம் ஏற்கெனவே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஓட, அவன் ஆள் பின்னால் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தான். வலது பக்கம் எதுவென்று தெரியும்படி அவள் ஹெட்போனைத் திருப்பிப் பிடித்து நீட்டினாள்.

"கனம் சரியா இருக்கான்னு மட்டும் பாரு," என்றாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.