பன்சலையிலிருந்து வந்த குட்டி

அந்தக் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்று என் மனைவி சாதிக்கிறாள். வெள்ளிக்கிழமையாக இருந்திருக்க முடியாது. அன்றைக்கு அவள் வீட்டைக் கழுவி விளக்கேற்றுகிறவள். நாயை வாசற்படியே ஏற விட்டிருக்க மாட்டாள்.

கொண்டு வந்தவள் எங்கள் மகள். பதுளையிலிருந்து தினமும் ஹாலிஎலைக்குப் போய் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கடைக்குப் பக்கத்தில் ஒரு பன்சலை, புத்த கோவில், இருக்கிறது. வேண்டாத குட்டிகளை, அதிலும் பெண் குட்டிகளை, அட்டைப்பெட்டியில் போட்டு பன்சலை வாசலில் வைத்துவிட்டுப் போவது இந்தப் பக்கங்களில் நடக்கிற காரியம்தான். அங்கே கும்பிட வருகிற சிங்களப் பெண்மணி ஒருவர் அவற்றுக்குச் சோறு போட்டு வளர்த்து வீடு தேடிக் கொடுக்கிறார். அவரிடம் வாங்கிய குட்டி மகளின் சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது மடிந்து கிடந்தது. கீழே விட்டதும் நேராக என் மனைவியிடம் போய் அவள் கால்விரலை நக்கியது.

"பொட்டக் குட்டியா?" என்றாள் அவள், காலை இழுத்துக்கொண்டு.

"கொஞ்சம் வளந்ததும் ஆபரேஷன் பண்ணிரலாம்மா. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"ஆமா, நீ பாத்துக்குவ. விடிஞ்சா பஸ்ஸுக்கு ஓடுறவ. கழுவி விடுறது யாரு? நானு."

அன்று மாலையே மடுல்சீமையிலிருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் அவர் மரக்கறி போட்டிருக்கிறார். காட்டுப்பன்றி வந்து கிண்டிவிட்டுப் போகிறது என்று நெடுநாளாக ஒரு நாய் கேட்டுக்கொண்டிருந்தார். தைப்பூசத்துக்கு டவுனுக்கு வரும்போது குட்டியைக் கொண்டுபோவதாக முடிவாயிற்று. மடுல்சீமைக் குளிரில், பாத்தி ஓரத்தில், இரவெல்லாம் சங்கிலியில் கிடக்கும் என்பது மகளுக்குத் தெரியும். அன்றிரவு அவள் கறியில்லாமல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மகள் ஒரு பெயர் வைத்துப் பார்த்தாள். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் விசிலடித்தேன், விரலைச் சொடுக்கினேன். நாய் வளர்ப்பைப் பற்றிப் படித்திருந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. ஆனால் என் மனைவி, எல்லாரையும் கூப்பிடுகிற வழக்கத்தில், "கண்ணா, அங்கிட்டு போ, கூட்டணும்" என்று வாயெடுத்தால் போதும். எங்கே இருந்தாலும் காது பறக்க ஓடி வந்து, அவள் முன்னால் குந்தி, கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"பாத்தீங்களா? போன்னா வருது. ஒங்ககிட்ட வருதா?"

"வரல."

"அதுக்கெல்லாம் மனசு வேணுங்க."

ஆசையாக வருகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? ஒரு துண்டு பாண், ரொட்டியின் ஓரம், துருவி முடித்த தேங்காய்ச் சிரட்டை. சில நாட்களிலேயே குட்டியின் வயிறு மத்தளம் போலாகிவிட்டது. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குள் மெல்ல ஒரு நம்பிக்கை வந்திருந்தது. தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. நல்லவர். ஓய்வு பெற்ற நர்ஸ். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அக்கா, எந்த நேரமும் கன்ன, கன்ன சொல்றது ஏன்? இப்பதானே சாப்பாடு குடுத்தது? அது வயிறு வெடிக்கும்!"

என் மனைவி திகைத்து நின்றாள். எனக்கு ஒரு விநாடியில் விளங்கிவிட்டது. சிங்களத்தில் 'கன்ன' என்றால் சாப்பிடு. பன்சலையில் அந்தப் பெண்மணி சோற்றுத் தட்டைத் தட்டி அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். ஆயுளில் பாதியைச் சிங்களம் பேசிச் சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் கழித்தவர்கள் நாங்கள். அந்தச் சொல் தெரியாதவர்களும் அல்ல. ஆனால் வீட்டுக்குள் எங்கள் காது தமிழ்க் காது. 'கண்ணா'வுக்கும் 'கன்ன'வுக்கும் எழுத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. நாய்க்கு எழுத்து தெரியாது.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"அப்ப சோத்துக்குத்தான் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு 'கண்ணா' என்ற சொல் வீட்டில் கேட்கவில்லை. மகளையும் அப்படிக் கூப்பிடவில்லை. குட்டிக்கு வேளைக்குச் சோறு வைத்தாள், அவ்வளவுதான். "சங்கிலி வாங்கி வாங்க, மறந்துறாதீங்க" என்று அண்ணனுக்கு நினைவூட்டியதை நான் கேட்டேன். மகளும் கேட்டாள்.

தைப்பூசத்துக்கு முந்திய நாள், பின்வாசலில் உட்கார்ந்து என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குட்டி முற்றத்தில் ஒரு செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய செருப்பு.

"ஏய், கழுத! வைடீ அத!"

குட்டி செருப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "ஒண்ணுமில்ல. போ." அது கைகளை மோந்து பார்த்தது. ஒன்றுமில்லை என்பது அதற்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் போகவில்லை. அவள் பாதத்தின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் காலை எடுக்கவில்லை. கீரை ஆய்ந்து முடித்த பிறகும் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் கோவிலுக்குப் போய்விட்டு மச்சான் வந்தார். ஒரு பையில் லீக்ஸும் போஞ்சியும், மறு கையில் புதுச் சங்கிலி. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, குட்டியைத் தூக்கி நிறை பார்த்தார்.

"நல்லாத்தான் வளத்திருக்க, தங்கச்சி. குடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மகள் கதவோரம் நின்றாள். என் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"இல்லண்ணே, இதுக்குத் தமிழ் தெரியாது. பன்சலையில வளந்தது. அங்க வந்து என்ன செய்யும்?"

"பன்னிக்கு மட்டும் தமிழ் தெரியுமா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு மாசம் போகட்டும்ணே. நான் பழக்கி அனுப்புறேன்."

மச்சான் தங்கையை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், இவ பழக்கி அனுப்புவாளா?" என்றார். அவர் குட்டியைக் கீழே விட்டு, சங்கிலியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

அது போன தைப்பூசம். மாசி மகம் போயிற்று, சித்திரை வருடப்பிறப்பும் போயிற்று. அவள் சொன்ன ஒரு மாதம் எப்போது முடிந்தது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை.