தங்கை வாங்கிய என் வீடு

அந்த வீட்டை முதலில் பார்த்தவள் நான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில், ஒரு மேட்டின் சரிவில் இருந்தது. இரண்டு அறை, சிவப்புச் சீமெந்துத் தரை, முன் ஜன்னலைத் திறந்தால் கீழே ஆறு. அப்போது நாங்கள் கண்டி நகரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளர், கணவர் ஆசிரியர். பத்து வருடம் சேர்த்த பிறகு எங்களுக்கு எட்டக்கூடியதாக வந்த முதல் வீடு அது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை, திரைச்சீலைக்குத் துணி எடுப்பதற்காக ஜன்னலின் அகலத்தைச் சாணால் அளந்துகொண்டேன். கணவர் பின்னறைச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு. அத்திவாரத்துல ஏதோ கோளாறு. இத வாங்கிட்டு நாம காலம் பூரா அழணும்."

"யாராவது மேசன கூட்டிட்டு வந்து காட்டுவோமே."

"வேணாம், விடு" என்றார்.

அன்று மாலை தங்கை வந்தாள். அவள் கணவர் கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வீடு என்ன ஆனது என்று கேட்டாள். கணவரிடம் என் பேச்சு எடுபடவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதுவா, அது ஒரு ஈர வீடு. எனக்குப் பிடிக்கல" என்றேன். பத்து நாளில் அவர்கள் அதற்கு முற்பணம் கொடுத்துவிட்டார்கள்.

"நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களேக்கா" என்றாள். அது உண்மை. அதனாலேயே என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை.

பிறகு எட்டு வருடம், மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனேன். ஜன்னலில் அவள் பூப்போட்ட பச்சைத் துணி போட்டிருந்தாள். நான் வெள்ளை போட்டிருப்பேன். முற்றத்தில் அவள் வைத்த ரோஜாவெல்லாம் பூத்தது. எங்கள் மாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூடப் பிழைக்கவில்லை. குழந்தைகளைப் பார்க்கிற சாக்கில் நேரே பின்னறைக்குப் போவேன். மழைக் காலத்தில் சுவர் இடுப்பளவுக்குக் கறுத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருகிற நாட்களில் பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலும் எனக்கு அலுப்புத் தெரியாது. ஒருமுறை நான் போனபோது அந்தச் சுவரை மறைத்து ஓர் அலுமாரி நின்றது. கையிலிருந்ததைப் பறிகொடுத்தவள் போலத் திரும்பி வந்தேன்.

எட்டாம் வருடம் தங்கையின் கணவர் கடையைக் கொழும்புக்கு மாற்றினார். வீட்டை விற்க வேண்டும்.

"நீங்க வந்து எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுங்கக்கா. இந்த வீட்ட உங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றாள். விலை அதற்குள் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத இடத்துக்குப் போயிருந்தது. இருந்தும் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வீட்டை விற்கிறவர் அதை வெளியாளின் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு அது சுலபமாக இருந்தது. எட்டு வருடமாக அங்கே நான் வெளியாள்தான். சாமான்களில் பாதியை மூட்டை கட்டிக் கொழும்புக் கடைக்கு அனுப்பினேன், அறைகள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கலண்டர்களையும் குடும்பப் படங்களையும் கழற்றினேன். வாங்க வருகிறவர்கள் மனதுக்குள் தங்கள் படங்களை அங்கே மாட்டிப் பார்ப்பார்கள். கீச்சிட்ட கதவுகளுக்கு எண்ணெய் விட்டேன். வீட்டு உறுதிப் பத்திரம், நில அளவை வரைபடம், வரி கட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டேன்.

மிஞ்சியது பின்னறைச் சுவர். "மேல ஒரு பெயின்ட அடிச்சிட்டு அலுமாரிய அங்கயே விட்டுருவோம்" என்றார் தங்கையின் கணவர். எனக்குச் சரிப்படவில்லை. மழை பெய்துகொண்டிருந்தபோது குடையுடன் வீட்டின் பின்னால் போய்ப் பார்த்தேன். மேட்டிலிருந்து வருடக்கணக்காகச் சரிந்த மண் சுவரோடு முட்டிக்கொண்டு நின்றது. வழிகிற தண்ணீர் போக இடமில்லாமல் அதில் ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு மேசனைக் கூட்டி வந்தேன்.

"அத்திவாரம் நல்லாத்தான் இருக்கு. மண்ண வெட்டி எடுத்துட்டு, தண்ணி ஓட ஒரு கான் போட்டா சரி. ரெண்டு நாள் வேல."

இரண்டு நாள் வேலை. அன்று என் கணவர் ஒரு மேசனிடம் கேட்டிருந்தால் அந்த வீட்டில் நான் இருந்திருப்பேன். அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தங்கைமேல் வந்த கோபம்தான் அதிகம். அவள் ஒன்றும் செய்யாமலே அந்த வீடு எட்டு வருடம் அவளைத் தாங்கியிருக்கிறது.

மண்ணை வெட்டிக் கான் போட்டார்கள். ஒரு மாதத்தில் சுவர் காய்ந்தது, சுண்ணாம்பு அடித்தோம், அலுமாரியை நகர்த்தினோம். முதலில் பார்க்க வந்தவர்கள் யாழ்ப்பாணத்து இளம் தம்பதி, இருவருக்கும் கண்டியில் உத்தியோகம். அந்தப் பெண் முன் ஜன்னலில் நின்று அதைச் சாணால் அளந்தாள். நான் குசினிக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பிறகு அவள் அங்கே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, மழைக்குச் சுவர் ஏதும் ஊறுறதோ?"

"ஊறிச்சு. எட்டு வருசமா ஊறிச்சு. இப்பதான் பின்னால கான் வெட்டியிருக்கு. நல்ல மழை ஒண்ணு பெய்யட்டும், வந்து கை வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

வீடு வாங்குகிறவருக்கு நான் இன்றைக்கும் சொல்லக்கூடிய நல்ல புத்தி அதுதான். ஆனால் அன்று அந்தப் பெண்ணின் நன்மைக்காக நான் அதைச் சொல்லவில்லை. விற்பனை கெட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

குசினி வாசலில் தங்கை நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்கா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குப் பொறாமை" என்றேன். "இது எனக்கு வந்திருக்க வேண்டிய வீடு."

அவள் அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும்கா. வந்ததும் நீங்க மொதல்ல அந்தச் சுவரத்தான் பாப்பீங்க. அதுக்குத்தான் அலுமாரிய அங்க நகத்தி வச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் குடித்தோம்.

இரண்டு வாரம் கழித்து, கொட்டுகிற மழையில் அந்தத் தம்பதி நனைந்துகொண்டு வந்தார்கள். கணவன் சுவரில் உள்ளங்கையை வைத்தான். காய்ந்திருந்தது. "ஒளிக்காமல் சொன்ன இடம், பயமில்லாமல் எடுக்கலாம்" என்றாள் அந்தப் பெண். கேட்ட விலையைக் குறைக்காமலே வாங்கினார்கள். தங்கைக்கு நான் செய்ய நினைத்த கெடுதல் அவளுக்கு லாபமாக முடிந்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து நாங்களும் ஒரு வீடு வாங்கினோம், பன்வில போகும் பாதையில். ஆறு தெரியாது. கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை மழையில் போய்ப் பார்த்தேன், பின்புறம் சுற்றி வந்தேன், மேசனைக் கூட்டிப்போனேன், வேண்டாம் என்று கணவர் வாயைத் திறக்க விடவில்லை.

பால் காய்ச்சிய அன்று தங்கை கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே அவர்கள் ஒடுக்கமான ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் குசினியில் நின்றுவிட்டாள்.

"எவ்வளவு பெரிய குசினிக்கா" என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சொல்லக் கூடாதுதான், அது எனக்குப் பிடித்திருந்தது.