வெள்ளிக்கிழமைப் பக்கம்

கரமனையில் பெண்பிள்ளைகள் ஹாஸ்டல் ஒன்றின் அடுக்களை இருபத்திரண்டு வருஷமாக ஞானபாயின் கையில்தான் இருந்தது. அறுபது பிள்ளைகளுக்குப் புட்டும் பயறும் தட்டில் விளம்பி முடித்து, பாத்திரத்தில் மிஞ்சியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. தமிழ் வேதப்புத்தகத்தை மட்டும் விரல் வைத்து மெல்ல வாசிப்பாள். புருஷன் சத்தியநேசன் காலமான பிறகு மகன் அஜினும் மகள் ஜெஸ்லினும் அந்த அடுப்பை நம்பித்தான் வளர்ந்தார்கள்.

2006-ல் அஜினை அவன் கம்பெனி ஆறு மாதத்துக்கு டென்மார்க்கில் உள்ள கோபன்ஹேகனுக்கு அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டான்.

"அம்மா, நான் திரும்பதுக்கு முன்னே நீங்க ஒரு நாலு நாள் இங்க வரணும். சும்மா ஊர் சுத்திப் பாக்கணும், நல்லாச் சாப்பிடணும்."

"திங்கதுக்கா மக்களே பிளேன்ல வருவாவ?"

"ஆமா பின்ன. உங்களுக்கு யாரு இதுவரை விளம்பித் தந்தா? நான் தாரேன், வாங்க."

அந்தப் பேச்சில் அவள் மனசு இளகிவிட்டது. ஜெஸ்லின் ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து, நாளுக்கு ஒரு பக்கமாக அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினாள். செவ்வாய், துறைமுகத்தில் சாயம் பூசிய வீடுகள், படகுச் சவாரி. புதன், தெருவண்டியில் விற்கிற சிவப்பு சாசேஜ். வியாழன், பெரிய பூங்கா, ஐஸ்கிரீம். வெள்ளிக்கிழமைப் பக்கம்தான் நிறைந்திருந்தது. காலையில் கறுவாப்பட்டை போட்ட சுருள் ரொட்டி, மத்தியானம் கறுப்பு ரொட்டிமேல் மீனும் முட்டையும் அடுக்கியது, சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற கடல்கன்னி சிலை. ஞானபாய் அந்த நோட்டை வேதப்புத்தகத்தின் அடியில் வைத்து, ராத்திரி ஜெபம் முடிந்ததும் எடுத்து வாசிப்பாள். வாசித்ததும் வெட்கமாக இருக்கும்.

அந்த வெட்கம்தான் அவளை மாட்டிவிட்டது. விசாவுக்குப் போட்டோ எடுத்துவிட்டுப் பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே வந்தாள் சற்குணம். சபைப் பெண்கள் ஐக்கியத்துக்குச் செக்ரட்டரி. கையிலிருந்த கவரைப் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"அவ்வளவு தூரமா? ஐயோ, பையனுக்கு என்ன சுகக்கேடு?"

திங்கப் போகிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. போன மாதம் ரொட்டி தின்று வயிறு ஒருமாதிரி இருந்தது என்று அஜின் சொன்னது ஞாபகம் வந்தது.

"வயிறு செரியில்லக்கா" என்றாள். பஸ்ஸும் வந்துவிட்டது.

ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு பேர். பேர் பலதானால் பாரம் சிதறிப்போகும் என்பது சற்குணத்தின் கட்சி. அந்தப் பேருக்காக எட்டுப் பெண்களும் மத்தியானம் மூன்று மணிவரை பச்சைத்தண்ணீர் தொடாமல் ஜெபிப்பார்கள். அந்த வாரம் ஐக்கியத்து ஜெப நோட்டில் அஜினின் பேர் ஏறியது. சுகமான செய்தி வராததால் அடுத்த வாரமும் அதே பேர். ஞானபாயும் கூட இருந்து கண்மூடினாள். மற்றவர்கள் அழுது ஜெபிக்கையில் அவளுக்கு ஆண்டவரைக் கூப்பிடவே வாய் எழவில்லை. வயிற்றின் இரைச்சலுக்கு நடுவே மீன் வைத்த கறுப்பு ரொட்டி கண்முன் வந்து நின்றது.

மூன்றாம் வெள்ளி ஜெபம் அவள் வீட்டிலேயே நடந்தது. முடிந்தவுடன் விளம்பக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வைத்திருந்தாள். எட்டுப் பேரில் ஒருத்தியான பொன்செல்வி கட்டட வேலைத்தளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். காலை முழுக்க வெறும் வயிற்றோடு செங்கல் சுமந்த பெண். முழங்கால் போட்டவள் எழும்பும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்தாள்.

"சாரமில்லக்கா, பரவாயில்ல" என்று சிரித்தாள். "அஜினுக்குச் சுகமானா போதும்."

ஞானபாயின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"அவனுக்கு ஒண்ணுமில்ல பொன்செல்வி. நல்லா இருக்கான். நான் சும்மா ஊர் பாக்கத்தான் போறேன். திங்கதுக்கு. வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

சற்குணம் எழுந்து சேலையை உதறினாள்.

"ஓகோ. அப்போ மூணு வெள்ளியா நாங்க பட்டினி கிடந்தது உனக்க விருந்துக்காக்கும்! இந்தப் பொன்செல்விக்க மாப்பிள்ளை பால்பாண்டி கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஒரு மாசமா முதுகு நிமிராம கிடக்கான், தெரியுமா? அவன் பேரை எழுதப்போனேன். அவதான் சொன்னா, அந்தத் தம்பி அந்நிய ஊர்ல கிடக்கு, அதை முதல்ல எழுதுங்கன்னு."

கஞ்சி குடிக்காமலே அவள் படியிறங்கிப் போனாள். மூன்று பெண்கள் பின்னாலேயே போனார்கள்.

ஞானபாய் அடுப்பருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொன்செல்வி தானே ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்துக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"செரி, என்னெல்லாம் திங்கப் போறீய? அதையாவது சொல்லுங்க."

"விடு பிள்ளே."

"மூணு வாரம் பட்டினி கிடந்திருக்கேன். கேக்க உரிமை இல்லியா எனக்கு?"

மிச்சமிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஞானபாய் நோட்டை எடுத்து விரல் வைத்து வாசித்தாள்.

"ரொட்டி மேலயா மீனு? மீனு மேல ரொட்டி இல்லியா?" என்றாள் பொன்செல்வி. "நல்லாத் தின்னுட்டு வந்து சொல்லுங்கக்கா. பால்பாண்டியும் கேக்கட்டு. படுத்துக் கிடக்கிற ஆளுக்குப் பொழுது போகும்."

அடுத்த வெள்ளி ஜெப நோட்டில் பால்பாண்டியின் பேர் ஏறியது. சற்குணம் ஞானபாயிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவள் வந்து உட்கார்ந்தபோது பாயைச் சற்றே நகர்த்தி இடம் விட்டாள்.

அந்த ஞாயிறு அஜின் கூப்பிட்டான். விசா வந்தாயிற்று.

"மக்களே, வெள்ளிக்கிழமை எனக்குச் சாப்பாடு வேண்டாம். அங்க மணி மூணு அடிக்கிறதுவரை."

"அம்மா! அன்னைக்குத்தான் நல்ல கடை எல்லாம் பாத்து வச்சிருக்கேன்."

"அன்னைக்குப் பால்பாண்டிக்கு."

"அது யாரு?"

சொன்னாள். எதையும் மறைக்காமல் பஸ் நிறுத்தத்திலிருந்து தொடங்கிச் சொன்னாள்.

"அப்போ அந்த மீன் ரொட்டியை ராத்திரிக்கு மாத்தட்டா?" என்று கேட்டான்.

"மாத்து. பொன்செல்வி கேப்பா. சொல்லணும்."

"கடல்கன்னி?"

ஞானபாய் யோசித்தாள்.

"அதைப் பாக்கலாம். பாக்கதுக்கு உபவாசம் இல்லியே."

ஜெஸ்லின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் சுருள் ரொட்டி என்பதைக் கோடு போட்டு அடித்தாள். அந்த இடத்தில் என்ன எழுத என்று கேட்டாள். ஞானபாய் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, பால்பாண்டி என்று தானே எழுதினாள்.