காயலில் விட்ட வண்டி

தேவாரத்திலிருந்து வந்த பஸ் போடி பஜாரில் நின்றபோது, கண்டக்டர் படியிலிருந்தே என் ஜவுளிக்கடையை நோக்கிச் சத்தம் கொடுத்தார். "அண்ணே, நம்ம தவமணியண்ணன் காலையில போயிட்டாக. நெஞ்சுவலி." அவ்வளவுதான். விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது. விரித்துக் காட்டிக்கொண்டிருந்த வேட்டிகளை மடித்து அடுக்கிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

தவமணி அண்ணனை உங்களில் பலர் லாரி டிரைவராகவே அறிவீர்கள். அதற்கு முன் அவரிடம் சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் பிழைத்தார். அந்த ஜீப் மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது என்றார்கள். விற்றுத் தின்றுவிட்டார் என்றும் பேச்சு இருந்தது. அவர் எதையும் மறுக்கவில்லை. கூட இருந்தவன் என்ற முறையில் நடந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நானும் இரும்புக்கடை ஜேம்ஸும் கொச்சி வரை போய்வர அவருடைய ஜீப்பை வாடகைக்குப் பேசினோம். போன வேலை முடிந்ததும், கடலோரமாக நீண்டு கிடக்கும் மணல் தீவுகளில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றார் ஜேம்ஸ். தீவுக்குப் பாலம் கிடையாது. இரண்டு பெரிய வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பிய ஜங்கார்தான் வண்டிகளைக் கொண்டுபோகும். அதில் ஜீப்பை ஏற்றியபோது அண்ணனின் முகம் வெளிறிவிட்டது. "மெட்டுல எத்தனை வளைவுனாலும் ஓட்டிருவேன். இது என்னப்பா, ரோடே ஆடுது" என்றார்.

தீவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல் என்கிற உப்பங்கழி, நடுவே தென்னையும் மணலும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்கிற தண்ணீர் படகில்தான் வருகிறது என்றார் டீக்கடைக்காரர். நானும் ஜேம்ஸும் அலையில் நின்றோம். அண்ணன் வரவில்லை. டயரில் ஒட்டிய உப்பு மணலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஜீப்பை வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜங்காரில் நல்ல கூட்டம். கைக்குழந்தை வைத்திருந்த பெண்களை அண்ணன் ஜீப்புக்குள் உட்கார வைத்தார். பாதி தூரத்தில் காற்று திரும்பியது. ஒரு வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. "பாரம் கூடுதல்! பாரம் கூடுதல்!" என்று வள்ளக்காரர் கத்தினார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அண்ணன் பெண்களைக் கைகொடுத்து இறக்கினார். பிறகு பிரேக்கை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"ஏலே ஜேம்ஸு, பின்னாடி வந்து தள்ளு."

"அண்ணே, கரை தெரியுதுல்ல. கொஞ்சம் பாப்போம். உங்க பொழப்புண்ணே இது."

"தள்ளுலே!"

வள்ளக்காரர் முன்பக்கத் தடுப்புக் கட்டையை உருவினார். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். ஜீப் மூக்குக் குத்தி இறங்கியது. பாரம் குறைந்த ஜங்கார் ஒரு முழம் மேலே எழும்பியதில் நாங்கள் பலகைமேல் விழுந்தோம். தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம்.

பெண்கள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் வள்ளக்காரர் தயங்கித் தயங்கி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அண்ணாச்சி, சொன்னா வருத்தப்படக்கூடாது. வண்டி இருந்தாலும் கரை சேர்ந்திருப்போம்னு தோணுது."

அண்ணன் அவரை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரிடமே ஒரு பீடி கேட்டு வாங்கினார். நனைந்த தீக்குச்சி பற்றவில்லை. "இருக்கலாம். ஆனா முங்கியிருந்தா இதைச் சொல்ல நீயும் இருந்திருக்க மாட்ட" என்றார்.

மறுநாள் ஆள் விட்டுத் தேடியும் ஜீப் போன இடம் தெரியவில்லை. ஊர் திரும்ப ஏறிய ஆலுவா பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

அதன்பின் கடைசிவரை அடுத்தவர் லாரியைத்தான் ஓட்டினார். வெகுகாலம் கழித்து ஒருநாள், "வருத்தமா இல்லையாண்ணே?" என்று ஜேம்ஸ் கேட்டார்.

"இல்லாம இருக்குமா? மெட்டு ஏறுறப்பல்லாம் இருக்கு. அதுக்காக அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு ஆயிருமா?"

அடக்கம் முடிந்த பிறகு அவர் மகள் செல்வியிடம் இதைச் சொன்னேன். ஜீப் போன காலத்தில் அவள் தவழும் பிள்ளை. "அப்பாகிட்ட ஜீப்பு இருந்துச்சா, சித்தப்பா?" என்றாள். முழுவதையும் கேட்டாள். பிறகு, "நல்ல வண்டியா?" என்று கேட்டாள்.

"நல்ல வண்டிம்மா. அப்பா அதை அப்படிப் பாத்துக்கிட்டாக."

செய்ததைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க அவரால் முடிந்தது. என்னால் முடியவில்லை, எழுதிவிட்டேன். ஒரு காரியம் வருத்தம் தருகிறது என்பதற்காக அதைத் தவறென்று ஆக்கிக்கொள்ளாத அந்தத் தெளிவை மட்டும் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறேன்.