அத்தையின் முழங்கால்

அத்தையை ஆப்பிரிக்காவுக்கு வழியனுப்ப எங்கள் சபையே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரண்டு வந்திருந்தது. கழுத்து நிறைய மாலை போட்டு, பாட்டுப் பாடி, மதுரை பஸ் கண்ணை விட்டு மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் தங்கை அவள். பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு தான்சானியாவின் மலைநாட்டுக்கு மிஷனரியாகப் போனாள். எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டி ஊழியத்துக்குப் போன முதல் ஆள். ஐந்து வருஷம் என்று சொல்லித்தான் போனாள். ஒரு வருஷம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

வந்தபோது பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் நானும் மட்டும்தான் நின்றோம். மழைச் சேற்றில் மோட்டார் சைக்கிள் வழுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை பள்ளத்தில் விழுந்து முழங்கால் உடைந்துவிட்டதாம். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் மலை ஏறித்தான் போக வேண்டும். ஏற முடியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள்.

சபை ஜனங்களுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செத்துப்போயிருந்தால் கல்வெட்டு வைத்திருப்பார்கள். ஊழியத்தை முடித்து வந்திருந்தால் கூட்டம் போட்டிருப்பார்கள். பாதியில் வந்தவளுக்கு என்ன செய்வது? ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "எப்பம்மா திரும்பப் போறீய?"

"கால் சரியாகட்டும்" என்பாள் அத்தை.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையல் மிஷினில் உட்காருவாள். ரவிக்கையின் ஒரு கைக்குத் தையல் போட்டதும் எழுந்துவிடுவாள். சாப்பாட்டின் பாதியில் எழுந்து கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போவாள். வாசலுக்கும் கொல்லைக்கும் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பாள். "செத்த நேரம் உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்று அப்பா கத்துவார். காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கம்பையும் போட்டுவிட்டாள். நடை மட்டும் நிற்கவில்லை.

முழுப் பரீட்சை லீவில் ஒருநாள் போதகர் ஐயா வந்தார். மிஷனிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்றார். "மலை ஏற முடியும்னா ஜூன்லயே வரச் சொல்லுதாவ. ஏலாதுன்னா வேற ஆளை அனுப்பிருவாவ. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வாரேன், ஒரு முடிவு சொல்லுங்கம்மா."

அத்தை தலையை ஆட்டினாள். மறுநாள் காலையிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். துணைக்குப் போ என்று அம்மா என்னையும் தள்ளிவிட்டாள். வில்லிபுத்தூர் என்றால் பால்கோவா என்பதால் நானும் உடனே செருப்பை மாட்டினேன்.

வில்லிபுத்தூரில் இறங்கியதும் அத்தை ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக இன்னொரு பஸ்ஸில் ஏறி, "திருவண்ணாமலை, ரெண்டு" என்றாள். வடக்கே இருக்கும் பெரிய திருவண்ணாமலை இல்லை, வில்லிபுத்தூரை ஒட்டி இருக்கும் மலைக்கோயில் இது. சனிக்கிழமைதோறும் எங்கள் தெருக்காரர்கள் போய் வருகிற இடம். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, அது பெருமாள் கோயில்லா?"

"நாம கோயிலுக்குப் போகல. படி ஏறத்தான் போறோம். மலையெல்லாம் ஆண்டவர் உண்டாக்குனதுதானட்டி?"

மலையை உண்டாக்கியது சரி, படியைக் கட்டியது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடிவாரத்தில் நின்று மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். மெல்ல ஏறுவாள், நான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவளோ யாரோ விரட்டுவதுபோல ஏறினாள். நான்தான் மூச்சு வாங்கி நின்றேன். "இருங்க அத்தை" என்றால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதி தூரத்தில், மொட்டை போட்ட பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்த ஒரு ஆச்சி, அத்தையின் நடையில் இருந்த லேசான சாய்வைப் பார்த்துவிட்டாள்.

"காலுக்கு என்ன தாயி? நேர்த்திக்கடனா?"

"ஒரு வகையில அப்படித்தான் ஆச்சி."

"எம்புட்டு உசரம்னாலும் பெருமாள் ஏத்தி விட்டுருவாரு. நீ போ."

ஆச்சி விரலில் இருந்த குங்குமத்தை அத்தையின் நெற்றியில் வைக்க வந்தாள். மிஷனரி அத்தை என்ன செய்யப் போகிறாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அத்தை அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு மேலே போனாள். ஆச்சிக்கும் மனம் நோகவில்லை.

உச்சிக்குப் போனதும் கோயிலுக்குள் போகாமல் பக்கத்துச் சுவரோரம் உட்கார்ந்தோம். காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே தென்னந்தோப்புகள், அதற்கப்பால் ஆண்டாள் கோயில் கோபுரம். நான் குரங்குகளை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால், அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சத்தமில்லாமல், உடம்பெல்லாம் குலுங்க.

"ரொம்ப வலிக்குதா அத்தை?"

"வலிக்கலட்டி" என்றாள். முழங்காலை மடக்கி நீட்டி, "கொஞ்சங்கூட வலிக்கல" என்று சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

வலிக்காததற்கு யாராவது அழுவார்களா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். சபையில் அப்படி அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போதும் அவள் கால் எங்கேயும் இடறவில்லை. பால்கோவா வாங்கித் தந்தாள். அத்தை ஜூனில் போய்விடுவாள் என்ற வருத்தத்தோடு நான் அதைத் தின்று முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் போதகர் ஐயா வந்தார். அப்பாவும் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"படி கிடி ஏறிப் பாத்தியளாம்மா?"

"பாத்தேன் ஐயா" என்றாள் அத்தை. "ஏலல."

என் வாய் தன்னால் திறந்தது. அத்தை என் பக்கம் பார்க்கவில்லை. அவள் குரல் எவ்வளவு நிதானமாக இருந்ததென்றால், மலையில் நான் பார்த்ததுதான் கனவோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போதகர் ஐயா எல்லாரையும் முழங்கால்படியிடச் சொல்லி, அந்தக் காலுக்காக உருக்கமாக ஜெபம் பண்ணினார். அத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று அவள் தட்டில் போட்ட சோறு முழுவதையும் ஒரே இருப்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஜூன் மாதம் வில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். பஸ்ஸில் ஓடிப்போய் ஏறுவாள். சபைக்கு வரும்போது மட்டும் கால் கொஞ்சம் சாயும்.

பள்ளத்தில் விழுந்த அன்று என்ன நடந்தது, யாராவது தூக்க வரும்வரை அந்த மழையில் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. முழங்காலைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன், போதகர் ஐயா வந்துபோன மறுநாள், கொல்லையில் அவள் தனியாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது.

"நீங்கதான் ஏறுனீங்களே அத்தை?"

ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏறுனது காலுதானட்டி."

நான் அவள் காலைக் குனிந்து பார்த்தேன். காலைத் தவிர ஒரு ஆள் மலை ஏறுவதற்கு வேறு என்ன வேண்டியிருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.