உப்புப் பார்க்க ஓர் ஆள்

சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். முதல் நாள் இரவு கோவையில் ஏறி, விடிவதற்குள் திருச்சியில் பஸ் மாறி, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். வார இறுதியைக் கழிக்கக் கோவையிலிருந்து யாரும் புதுக்கோட்டைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடை பார்க்கவும் சாப்பிடவும் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். நம்ம ஊரில் இல்லாத கடையா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

போனதற்குக் காரணம் என் நாத்தனார் மேரி. என் கணவரின் தங்கை. சொந்த ஊர் ஆவூர். இப்போது திருக்கோகர்ணத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பள்ளி விட்டு வந்ததும் பருத்திச் சேலைகளில் கையால் படம் வரைவாள். சித்தன்னவாசல் கூரையில் இருக்கும் தாமரையும் அன்னமும் அவள் சேலைகளின் கரையில் நீந்தும். இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கடை ஆசை வந்திருக்கிறது. வடக்கு மூன்றாம் வீதியை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் சின்னதாக ஒரு கடை காலியாக இருக்கிறது. ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் மொபைல் கவர் விற்கிற ஒருவர் அதை எடுத்துக்கொள்வார். கடை வைத்தால் முழு நாளும் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பள்ளி வேலையை விடவேண்டும் என்று அவள் அண்ணன், அதாவது என் கணவர், போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விடுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று. "நீங்க வந்து ரெண்டு நாள் அந்தத் தெருவைப் பாருங்க அண்ணி. நீங்கதான் நல்லா செலவு பண்றவங்க" என்றாள். பாராட்டா குத்தலா என்று யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

நிலையத்துக்கு வந்திருந்த மேரியோடு டவுன் பஸ்ஸில் திருக்கோகர்ணம் போய்ப் பையை வைத்துவிட்டுக் குளித்தேன். இந்த பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கையில் ஒரு சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பத்து மணிக்குத் தெருவுக்கு வந்தோம்.

புதுக்கோட்டையின் ராஜ வீதிகள் கோடு போட்டதுபோல் நேராக ஓடுபவை. அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக எண் போட்ட வீதிகள். எங்கள் குறுக்குத் தெரு அவற்றில் இரண்டை இணைக்கும் ஒரு துண்டு. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். நான்கைந்து வருடங்களுக்கு முன்வரை பாத்திரக் கடைக்காரர்கள் சரக்கு போட்டுவைத்த இடமாம். இப்போது சுவர்களில் ஆளுயர மயிலும் மீனும் மாட்டுத் தலையும் வரைந்திருக்கிறார்கள். ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் காபிக் கடை. அடுத்து அச்சுத் துணிக் கடை, சுடுமண் நகைக் கடை. படத்துக்குச் சட்டம் போடும் ஒருவர், உள்ளூர்ப் பையன்கள் வரைந்த படங்களைத் தன் கடைக்கு வெளியே ஆணியடித்து மாட்டியிருந்தார். ஊர்க்காரர்கள் இதைப் பெயிண்டுத் தெரு என்கிறார்கள்.

காபி அறுபது ரூபாய். எங்கள் ஊரிலேயே நான் இந்த விலைக்கு முகம் சுளிப்பேன். ஆனால் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து குடித்தபோது முகம் தானாகவே சரியாகிவிட்டது. மேரி எதுவும் வாங்கவில்லை. அது தவக்காலம். அவள் சனிக்கிழமையும் ஒருசந்தி இருக்கிறவள். அதாவது நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் மாலையில். ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது, ஆனாலும் ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டாள். எனக்கு அல்சர், வெள்ளிக்கிழமை மட்டும் கவிச்சியை விட்டுவிட்டு மற்ற நாள்களில் ஆண்டவரின் இரக்கத்தை நம்பி வாழ்கிறேன். ஆக, சாப்பாட்டுத் தெருவைச் சோதிக்க வந்த இருவரில் சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதான்.

சுடுமண் நகைக் கடையில் நூற்றெண்பது ரூபாய் சொன்ன ஜிமிக்கியை நூற்றைம்பதுக்குக் கேட்டேன். கடைப்பெண், நீங்கள்தான் இன்றைக்கு முதல் போணி என்று சொல்லி உடனே கொடுத்துவிட்டாள். அப்போது மணி பன்னிரண்டு. எனக்குக் குறைத்து வாங்கிய சந்தோஷம். மேரிக்கோ முகம் வாடிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு முதல் போணி என்றால் அவள் கடைக்கு எப்போது போணி ஆகும்? தெருவைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர், நிழலில் படுத்திருந்த ஒரு நாய், வாசலில் நின்று எங்களையே பார்த்த கடைக்காரர்கள். அன்றைய கூட்டமே நாங்கள்தான்.

முனையில் உள்ள மெஸ்ஸில் கட்டுமாவடியிலிருந்து காலையில் வந்த மீன் என்று பலகையில் எழுதியிருந்தது. மீன் குழம்புச் சாப்பாடு நூற்றிருபது, வறுவல் தனி. மேரி எதிரில் வெறும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருக்க, நான் குழம்பைப் பிசைந்தேன். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மறு சோறு வாங்கினேன்.

மூன்று மணிக்குக் கடைச் சொந்தக்காரர் ஜமீலாக்கா சாவியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டுமாவடிப் பக்கம் பிறந்தவர், வாழ்க்கைப்பட்டது இங்கே. கணவர் வளைகுடாவில் இருபது வருடம் உழைத்து வாங்கிய கட்டடம், கடைக்குப் பின்னாலேயே வீடு. ரமலான் மாதம் ஆதலால் அவரும் நோன்பு. உதடு காய்ந்திருந்தது, பேச்சில் மட்டும் ஈரம் குறையவில்லை. கடையைத் திறந்து காட்டினார். சுவர் சுத்தமாக இருந்தது, மேலே ஒரு கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் விழுந்தது. மேரி அந்த வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவளுக்குக் கடை பிடித்துவிட்டது, தெருவின் மேல்தான் நம்பிக்கை வரவில்லை.

கிளம்பும்போது, மறுநாள் மதியம் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று ஜமீலாக்கா உத்தரவு போட்டார். நோன்பு எங்களுக்குத்தானே, உங்களுக்கு என்ன, பிரியாணி போடுகிறேன் என்றார். மேரி தலையை ஆட்டிவிட்டாள். தெருமுனை வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன், ஏன் சொல்லவில்லை என்று. உபவாசம் இருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே என்றாள். அதோடு, நாக்கு வறள நோன்பிருந்துகொண்டு அடுத்தவளுக்குச் சமைக்கிறேன் என்கிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மாலை ஆறரை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் அதே தெருவை அடையாளம் தெரியவில்லை. சமோசா, கீமா வடை, சர்பத் வண்டிகள். அம்மாக்கள், கல்லூரிப் பெண்கள், வேலை முடிந்து வந்தவர்கள் என்று காபிக் கடையில் உட்கார இடமில்லை. என் ஜிமிக்கிக் கடையில் எட்டிப் பார்க்க முடியவில்லை. முட்டை மாஸ் போடும் கடையின் கல்லில் கரண்டிகள் ஓயவே இல்லை. அவித்த முட்டையையும் வெங்காயத்தையும் கொத்தி வாழையிலையில் தந்தார்கள், தட்டு எழுபது ரூபாய். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேரி மட்டும், இது நோன்பு மாசத்துக் கூட்டம் அண்ணி, பெருநாள் கழிந்ததும் இருக்குமா என்றாள். பகலில் பார்த்த காலித் தெரு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வேளைச் சோற்றை உண்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். மொபைல் கவர்க்காரர் நன்றாக இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து, மதியம் ஒரு மணிக்கு ஜமீலாக்கா வீடு. இரண்டே இரண்டு தட்டு போட்டிருந்தது. ஆட்டுக்கறி பிரியாணி, தால்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி. மாலை நோன்பு திறக்கக் கட்டுமாவடியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதால் பெரிய சட்டியில் போட்டிருந்தார். எங்களுக்காகவே மதியமே தம் போட்டு இறக்கிவிட்டாராம். மேரியின் தட்டில் கறித்துண்டுகளைத் தேடித் தேடி வைத்தார். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. நேரம் வாங்கிக்கொடுக்க நான் அவசரமாக ஒரு வாய் அள்ளிப் போட்டேன்.

வாசனைக்குக் குறையில்லை. ஆனால் உப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அனுபவித்துச் சாப்பிடுவதுபோல் மறைத்துக்கொண்டேன்.

"உப்பு ஒறைப்பு சரியா இருக்காங்க? நாங்க வாயில வச்சுப் பாக்க முடியாதுல்ல. மூக்கை நம்பித்தான் எறக்குனேன்" என்றார் ஜமீலாக்கா.

அருமை என்று சொல்லி வைத்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விருந்தாளி சும்மா சொல்வார்கள், டீச்சர் சொல்லட்டும் என்று மேரியின் பக்கம் திரும்பினார். மேரி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயில் வைத்தால் விரதம் போயிற்று; வைக்காவிட்டால் விருந்து வைத்தவரின் மனம் போயிற்று. தட்டை இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"மனசுல ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க அக்கா. எங்களுக்கும் இப்ப தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் நான் கவிச்சி தொடமாட்டேன்."

ஜமீலாக்கா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். கோபம்தான், ஆனால் வேறு மாதிரி. நோன்பாளியின் முன்னால் கறியை வைத்து ஆசை காட்டும் பாவத்தை என்னைச் செய்ய வைத்துவிட்டீர்களே, நேற்றே சொல்வதற்கு என்ன என்று திட்டினார். உள்ளே குரல் கொடுத்துத் தயிரும் வெறுஞ்சோறும் வரவழைத்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மேரியும் சிரித்துவிட்டாள்.

"அப்ப இந்தச் சட்டிக்கு நீங்க ஒருத்தர்தான் சாட்சி" என்று என்னிடம் திரும்பினார். "மறைக்காம சொல்லுங்க. சாயங்காலம் எங்க சனம் பூரா வருது."

எனக்கு வெட்கமாக இருந்தது. விருந்து வைத்தவரின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் நாத்தனார் உண்மை சொல்லியிருக்கிறாள். நான் ஒரு பிடி உப்புக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பு தூக்கல் என்றேன். கொஞ்சமா என்று கேட்டார். கொஞ்சமில்லை என்றேன்.

அடுப்படியிலிருந்து மருமகள் சபீனாவின் குரல் மெலிதாக வந்தது. "மாமி, நீங்க மறந்துட்டீங்கன்னு நெனைச்சு, அரிசி கொதிக்கையில நானும் போட்டுட்டேன்."

இருவர் உப்புப் போட்டிருக்கிறார்கள், இருவராலும் ருசி பார்க்க முடியவில்லை. நோன்பு வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய விபத்து. அதன் பிறகு விருந்தாளி என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. உப்பில்லாமல் இன்னொரு படி அரிசி வடித்துக் கலப்பதென்று முடிவாயிற்று. மேரி முந்தானையைச் செருகிக்கொண்டு அரிசி களைந்தாள். சபீனா வெங்காயம் நறுக்கினாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் நீட்டும் கரண்டியில் ருசி பார்த்தேன். ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பொருத்தமான உத்தியோகம் வாய்த்ததில்லை. நான்காவது கரண்டியில், இப்போது சரி என்றேன். மூவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டியை மூடி வைத்ததும் ஜமீலாக்கா கடைப் பேச்சை எடுத்தார். மேரி மறைக்கவில்லை. கடை பிடித்திருக்கிறது, பகலில் தெரு கிடக்கிற கிடை பயமாக இருக்கிறது, இதை நம்பிப் பள்ளி வேலையை விட முடியாது என்றாள்.

"பகல்ல இங்கிட்டு ஈதான் ஓட்டணும்" என்றார் ஜமீலாக்கா. "நோன்புன்னு இல்லை, வருசம் பூரா அப்படித்தான். வெயில் தாந்து அஞ்சு மணிக்குத்தான் சனம் வரும். நோன்பில இன்னும் கொஞ்சம் கூட. மத்த மாசமும் ஒம்போது மணி வரைக்கும் யாவாரம் இருக்கும். அந்த மொபைல் கவர் தம்பிகிட்ட நான் இதைச் சொல்லல. நீங்க ஒளிக்காமச் சொன்னீங்க, நானும் சொல்லிட்டேன்."

மேரி மெதுவாகக் கேட்டாள். "ஸ்கூலு நாலு மணிக்கு விட்டுரும் அக்கா. நான் சாயங்காலம் மட்டும் தொறந்தா ஒங்களுக்குச் சம்மதமா?"

"எனக்கென்ன டீச்சர்? வாடகை மட்டும் பகலுக்கும் சேத்துத்தான்."

இரண்டு நாளாக எந்தக் காலித் தெருவைப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தாளோ, அந்தக் காலித் தெருவே அவளுக்கு வழி விட்டுவிட்டது. வேலையை விட வேண்டாம், கடையையும் விட வேண்டாம். அவள் அண்ணனுக்கு இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை என்பதை அவரிடமே சொல்லக் காத்திருக்கிறேன்.

பாங்கு சொன்னதும் கட்டுமாவடிச் சொந்தங்களோடு பாயில் உட்கார்ந்தோம். மேரிக்கு மட்டும் கறி போடாத நோன்புக் கஞ்சி தனிச் சட்டியில் வந்தது. பிரியாணியை இரண்டு பேர் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜமீலாக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சாவியை மேரியிடம் அங்கேயே கொடுத்தார்.

ஏழரை மணி திருச்சி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு மேரி திரும்பினாள். ஜன்னல் காற்றில் நினைத்துக்கொண்டேன்: எங்கள் கோவையில் இதைவிடப் பத்து மடங்கு பெரிய கடைத்தெருக்கள் இருக்கின்றன. காலையிலிருந்து இரவுவரை திறந்திருக்கும், ஏசி இருக்கும், எல்லாம் கிடைக்கும். அங்கே இத்தனை வருடமாகப் போகிறேன், ஒரு கடைக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களும் என் பெயரைக் கேட்டதில்லை. வந்த இடத்தில் ஒரு வீட்டு அடுப்படி வரைக்கும் போய்விட்டு வருவது எனக்குப் புதிது.

கீரனூர் தாண்டும்போது போன் அடித்தது. மேரிதான். வீட்டுக்குப் போகவில்லையாம். நேரே கடைக்குப் போய்க் கதவைத் திறந்து, ஜமீலாக்கா வீட்டு நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். உள்ளே ஒரு சேலைகூட இல்லை. பின்னால் தெருவின் இரைச்சல் எனக்கே கேட்டது.

"போறவங்க வாறவங்க எட்டிப் பாக்குறாங்க அண்ணி. இது என்ன கடைன்னு கேக்குறாங்க."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"என் கடைன்னு சொன்னேன்."

பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொல்லாமல், என் நாத்தனார் கடை திறந்துவிட்டாள் என்றேன்.