துண்டு மூடிய விசைப்பலகை

புதுச்சேரியின் எல்லைக்கோடு நேராகச் செல்வதில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்களும் ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்த நிலப்பரப்பு இது. வில்லியனூரைத் தாண்டி மேற்கே சிறிது தொலைவு சென்றாலே, எத்தனை முறை எல்லையைக் கடந்தோம் என்று சொல்ல இயலாது. மனிதர்க்கு இதனால் பெரிய இடர் இல்லை. வாய்க்கால்களுக்கு உண்டு. ஏரியில் புறப்படும் ஒரு வாய்க்கால் பிரெஞ்சு நில அளவைத் தாளில் சற்றே ஓடி எல்லையில் நின்றுவிடும். அதன் தொடர்ச்சி ஆங்கிலேயர் வரைந்த தாளில், வேறோர் அளவில் இருக்கும். அப்பால் மறுபடியும் பிரெஞ்சுத் தாள். தனித்தனியே பார்ப்பவருக்கு அது எங்கும் போய்ச் சேராத கோடு.

புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின், இத்தகைய தாள்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே வரைபடமாக்கும் வேலையை என் கணினியில் செய்துவந்தேன். பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. பொழுதுபோக்காகவே இருந்திருக்கும், அந்த அம்மையார் வந்திராவிட்டால்.

அவர் மேற்கேயுள்ள ஓர் ஊரின் ஏரிப் பாசனக் குழுத் தலைவி. காலையில் வயல், பிற்பகலில் நகரத்துத் தையல் தொழிற்கூடம் என்று வாழ்பவர். அவர்கள் ஊர் வாய்க்கால் சாலையைக் கடக்குமிடத்தில் மனைப்பிரிவு போட வந்தவர்கள், அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்று சொல்லி மண் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் காலை அதிகாரி முன் விசாரணை. எதிர்த்தரப்பார் காட்டப்போவது எல்லையில் நின்றுவிடும் ஒற்றைத் தாளை. அம்மையார் காட்டவேண்டியது என் கணினியிலிருந்த முழு வரைபடத்தை. அது இல்லையேல் நடவுக்கு முன்பே வாய்க்கால் மூடப்படும். கடைமடையிலுள்ள அவருடைய வயலும் அண்டை வயல்களும் காயும்.

வரைபடம் முடிந்திருந்தது. ஆனால் எல்லாத் தாள்களையும் ஒன்றாக்கி அச்சுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் கணினி உறைந்து நின்றது. பத்து ஜி.பி.க்கு மேல் நினைவகம் வேண்டும் என்றது திரை. என் கணினியில் இருந்ததோ எட்டு. எனவே அன்று நண்பகல் புதிதாக எட்டு வாங்கிவந்து காலியாக இருந்த இடத்தில் செருகினேன். அச்சுக்கடைக்காரர் தம் கணினியில் முயன்று முன்பே கைவிட்டிருந்தார். தாள்களைப் பொருத்தும் நிரல் அவரிடம் இல்லை. பெரிய மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள அக்கடை இரவு எட்டுக்குச் சாத்தப்படும். காலையில் திறக்கும்போது விசாரணை தொடங்கியிருக்கும்.

கணினி எழுந்தது. நினைவகம் எவ்வளவு என்று பார்த்தேன். ஏழு.

"இன்னா சார், புதுசு போட்டும் ஏறலியா?" என்றார் அம்மையார். நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். மடியில் தலைக்கவசம்.

"பதினாறு இருக்கணும். ஏழுதான் இருக்குன்னு சொல்லுது."

"நம்ம ஏரி மாதிரியே இருக்குது சார் இதுவும். தண்ணி இருக்குது, மதகு தொறக்கல."

இயங்குதளம் எழுவதற்கு முன் அதை எழுப்பிவிடும் சிறு நிரல் ஒன்று உண்டு. தொடக்க ஏற்றி என்பேன் நான். அது இயங்குதளத்தின் காதில் சில கட்டளைகளை ஓதிவிட்டே அதனை எழுப்புகிறது. மின்சாரம் வந்ததும் ஒரு விசையை அழுத்தினால் அக்கட்டளை வரியைப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே நிற்கும். இதனை எனக்குக் காட்டியவர் என் நண்பர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைச் சொல்தா என்பது எங்களூர் வழக்கம். அவர் படையில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த சொல்தா. குருசுக்குப்பத்தில் எங்கள் தெருக் கணினிகள் அனைத்துக்கும் அவரே மருத்துவர். சென்ற ஆண்டு மகனோடு வாழப் பிரான்சுக்குப் போய்விட்டார்.

வரியைத் திறந்தேன். அதன் கடைசியில், நினைவகம் ஏழுக்கு மேல் பார்க்காதே என்னும் பொருளில் ஒரு கட்டளை இருந்தது. யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று நான் நின்று எண்ணவில்லை. அழித்தேன். தொடங்கச் செய்தேன். பதினாறு என்றது கணினி. வரைபடமும் முதன்முறையாக முழுமையாகத் திறந்தது. ஏரியிலிருந்து கடைமடை வரை நீலக்கோடு அறாமல் ஓடியது.

அம்மையார் எழுந்து வந்து திரைக்கருகே நின்றார். தலைக்கவசத்தை மாட்டத் தொடங்கினார்.

கோட்டை உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டே வந்த நான் சாலைக்கருகில் நின்றேன். அங்கே ஒரு பட்டை நெடுகச் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் இறைந்திருந்தன. மூலத் தாள்களில் அப்படி எதுவும் இல்லை. மீண்டும் எடுத்தேன். பட்டை வேறிடத்துக்கு நகர்ந்திருந்தது. புள்ளிகள் போகவில்லை.

"லேசா அழுக்கு மாதிரிதான சார் இருக்குது? குடுத்துடுங்க. யாரு பாக்கப் போறாங்க."

"எதிராளி வக்கீல் பாப்பாரும்மா. வாய்க்கா ரோட்டத் தாண்டற எடத்தத்தான் அவங்க இல்லங்கறாங்க. அங்க இப்படிப் புள்ளி புள்ளியா இருந்தா, கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டினதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவார்."

"மேப்பு இல்லாம போனா அந்த ஒரு வார்த்தையும் தேவையில்ல சார் அவருக்கு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொய் கலந்த முழுமையா, ஒன்றுமே இல்லாத கையா? வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. நண்பரை அழைத்தேன்.

"வாத்தியாரே, பேரப்பிள்ளைய எக்கோல்லருந்து கூட்டியாறப் போயிகினு இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். ஏழு என்னும் கட்டளையை எடுத்துவிட்டதைக் கேட்டதும் மறுமுனையில் காலடியோசை நின்றது.

"யாரக் கேட்டு எடுத்தீங்க? அது நான் கட்டின வேலி."

"வேலின்னு எங்கிட்ட சொல்லலியே நீங்க."

"சொன்னா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டீங்க, அதான். உங்க பழைய ரேமுல மேல ஒரு ஓரம் செத்துப்போச்சி. கடல்காத்து. அந்த மாடல் அப்ப கெடைக்கல. செத்த எடத்துக்குப் போவாதன்னு ஏழோட கட்டி வச்சேன். நல்லாத்தான ஓடிச்சி?"

"ஓடிச்சி."

"பழச புடுங்கிட்டு புதுச மட்டும் வச்சி ஓட்டுங்க."

"அது எட்டுதான். பத்துக்கு மேல கேக்குது."

பின்னணியில் பள்ளிக் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "அப்ப செத்த எடத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தயெல்லாம் எடுத்துக்கன்னு வரியில எழுதணும். புதுசு செருகினதும் எடம் நகந்திருக்கும், சோதன போட்டுத் தேடுங்க. எழுதற மொறய போன்ல அனுப்பறேன். தூஸ்மோன், வாத்தியாரே, மெதுவா. ஒரு எழுத்து தப்பினாலும் கம்ப்யூட்டர் கண்டுக்காது. தப்புன்னும் சொல்லாது. பேசாம பழையபடி ஓடும்."

தொடக்கத் திரையிலேயே நினைவகச் சோதனை ஒன்று இருந்தது. அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் இடமாக எழுதி, படித்து, ஒப்பிட்டுச் சென்றது அது. அதனை விரைவுபடுத்த எவராலும் இயலாது. என் மனைவி உப்புமா கொண்டுவந்து அம்மையார் கையில் வைத்தார். அம்மையார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். அச்சுக்கடைக்காரர் ஒருமுறை அழைத்தார், தாள் உருளையை ஏற்றிவைத்துக் காத்திருப்பதாக. ஏதும் நடவாதது போன்ற குரலில் வந்துகொண்டிருக்கிறோம் என்றேன்.

கருந்திரையில் திடீரென ஒரு சிவப்பு வரி தோன்றியது. பிறகு அதன்கீழ் இன்னும் சில. எல்லாம் ஒரே வட்டாரத்து முகவரிகள். அவற்றை மனைவி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். மேலே கோளாறு ஏதும் வராமல் சோதனை முடியும்வரை காத்திருந்தோம். அந்தி சாய்ந்துவிட்டது.

ஏழு என்னும் கட்டளையை மறுபடி அழித்து, நண்பர் அனுப்பிய முறையில் முழுக் கட்டளையையும் அதே தாளில் எழுதிக்கொண்டு தட்டத் தொடங்கினேன். இருவிரலால், விசைகளைக் குனிந்து பார்த்துத் தட்டுபவன் நான். முடித்துத் தொடங்கச் செய்தேன். கணினி எழுந்தது. அம்மையார் தலைக்கவசத்தைக் கையிலெடுத்தார்.

நினைவகத்தைப் பார்த்தேன். பதினாறு. ஒரு துளியும் குறையவில்லை.

குறைந்திருக்க வேண்டும். செத்த இடத்தை விலக்கியிருந்தால் பதினாறுக்குச் சற்றே கீழே நின்றிருக்க வேண்டும். பேசாமல் பழையபடி ஓடும் என்று அவர் சொன்னது இதைத்தான். அணைத்து மீண்டும் அந்த வரிக்குச் சென்றேன். இம்முறை ஒவ்வோர் எழுத்துக்கும் தலையை நிமிர்த்தினேன். எம் என்று பொறித்த விசையை அழுத்தினேன். திரையில் அரைப்புள்ளி விழுந்தது. ஏ என்றதற்குக் கியூ. பிரெஞ்சு வழக்கப்படி ஷிஃப்டோடு அழுத்திய எண் விசைகள் எண்களைத் தரவில்லை, குறிகளைத் தந்தன.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அந்த விசைப்பலகை நண்பர் விட்டுச்சென்றது. பிரெஞ்சு எழுத்தடுக்கு. இயங்குதளம் எழுந்த பிறகு அதற்கு அது பிரெஞ்சுப் பலகை என்று தெரியும். அதற்கு முன்னே விழித்திருக்கும் தொடக்க ஏற்றிக்கோ ஆங்கில அடுக்கு ஒன்றே தெரியும். முதல்முறை நான் அழிக்க மட்டுமே செய்தேனாகையால் இது வெளிப்படவில்லை. எந்த விசைக்குள் எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தட்டலானேன். பாதி வரியில் கைதவறி முழுவதும் அழிந்தது.

"எத்தினி மணி சார் ஆவுது?" என்றார் அம்மையார். சுவரில் கடிகாரம் அவருக்கு எதிரிலேயே இருந்தது.

"ஏங்க, எழுந்திரிங்க," என்றார் என் மனைவி.

அவர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தட்டச்சுப் பயிலகத்தில் விசைகளைப் பார்க்கக்கூடாது என்று கைமேல் அட்டை வைத்து மறைத்துக் கற்பித்த காலத்தவர். தோளிலிருந்த துண்டை எடுத்து விசைப்பலகையின்மேல் விரித்தார். அதன்கீழ் இரு கைகளையும் நுழைத்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குன்னு எனக்கு எதுக்கு? இங்கிலீசு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும். யாராவது படிங்க. நீங்க வேணாம், நீங்க நடுவுல விளக்கம் சொல்லுவீங்க."

அம்மையார் நாட்காட்டித் தாளை வாங்கினார். "எண்ணுக்கு நடுவுல எழுத்தெல்லாம் கலந்து கெடக்குதும்மா."

"இருக்கறபடியே படி. மெதுவா. இது பரீட்ச இல்ல."

"பரீட்சதாம்மா."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். துண்டு இங்குமங்கும் அசைந்தது. நான் நண்பரின் செய்தியைப் பிடித்துக்கொண்டு திரையில் விழுவதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஓரிடத்தில் அம்மையாரின் குரல் தடுமாறியது. பூச்சியமா, ஓவா? பூச்சியம் என்றேன். மனைவி அதற்குள் பூச்சியத்தை அழுத்தியிருந்தார். இருமுறை சரிபார்த்தோம். தொடங்கச் செய்தோம்.

பதினைந்தும் சற்று மேலும்.

வரைபடத்தை எடுத்தேன். ஏரி மதகிலிருந்து தொடங்கி, பிரெஞ்சுத் தாள், ஆங்கிலேயத் தாள், மீண்டும் பிரெஞ்சுத் தாள் என்று உருப்பெருக்கிக்கொண்டே வந்தேன். சாலைக்கருகே கை தானாக நின்றது. நீலக்கோடு சாலைக்கடியில் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டது. புள்ளி ஒன்றுமில்லை. இன்னும் ஒருமுறை எடுத்து முந்தையதோடு ஒப்பிடுமாறு கணினியைப் பணித்தேன். இரண்டும் ஒன்றே.

"இன்னும் பாக்கணுமா சார்?"

"வேணாம். கெளம்புங்க."

வரைபடம் ஏற்றிய பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வண்டியை எடுத்த ஓசை தெருமுனை வரை கேட்டது. கடை சாத்துவதற்குள் சேர்ந்தார் என்பதைக் கடைக்காரரின் சலிப்பு மிகுந்த அழைப்பால் அறிந்தேன்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் எழுதிய வரி இந்த ஒரு தடவைக்கு மட்டுமே. கணினியை அணைத்தால் பழைய வேலி திரும்பிவிடும். கட்டளையைத் தொடக்க ஏற்றியின் கோப்பில் நிலையாக எழுதத் துணிவில்லை. அங்கு தவறினால் கணினி எழாமலே போகக்கூடும். விசாரணையில் வேறோர் அளவில் வரைபடம் கேட்டால் என்ன செய்வது? ஆகவே அணைக்காமல் விட்டேன். அறைக்குள் அதன் விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. மின்சாரம் போய்விடுமோ என்று செவி அதன்மேலேயே இருந்தது.

மறுநாள் நண்பகல் கழிந்து அம்மையார் அழைத்தார்.

"சார், அவங்க தாள அந்தாண்ட, நம்மளுத இந்தாண்ட வச்சிப் பாத்தாரு ஆபீசரு. ரோட்டு எடத்துல வெரல வச்சி ரொம்ப நேரம் பாத்தாரு. வக்கீல் எதுவோ சொன்னாரு, காதுல வாங்கல. நேருல வந்து பாக்கறாராம். அதுவரைக்கும் ஒரு கூட மண்ணு கொட்டக்கூடாதுன்னுட்டாரு."

"நேர்ல வந்தா வாய்க்கா தெரியுமா?"

"மண்ணுக்கு அடியிலதான சார் இருக்குது. தோண்டுனா தெரியும். தோண்ட நாங்க இருக்கோம்."

வென்றோம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தொலைபேசியை வைத்தேன். "வேற மேப் கேக்கலல்ல? இப்பவாவது அத அணைங்க. பாவம், ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குது," என்றார் மனைவி.

அணைப்பதற்கு முன், பழைய வேலியை நீக்கி அந்த வரியைக் கோப்பில் நிலையாக எழுதினேன். இயங்குதளம் விழித்திருந்ததால் எம் அழுத்தினால் எம் வந்தது. ஆயினும் சேமிக்கும் முன் மனைவியை அழைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். பிறகு அணைத்தேன். அறை அமைதியானது. மீண்டும் பொத்தானை அழுத்தி, இருவரும் கருந்திரைமுன் நின்றோம். அவர் கையில் துண்டு ஆயத்தமாக இருந்தது.

பதினைந்தும் சற்று மேலும் என்றது கணினி. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.